ஸ்மாஷுக்கு முன்னால் நடப்பது

(தாம்பரத்தில் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், வாலிபால் பயிற்சியாளர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தப் பள்ளி மைதானத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் வாலிபால் பயிற்சி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வலையோரம் நிற்கும் ஒருவர் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறார். முதலில் நிற்பவன் ஓடிவந்து எம்பி அடிக்கிறான். பந்து வலையில் மாட்டுகிறது, இல்லாவிட்டால் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டுகிறது. அதை எடுத்துவர இரண்டு பேர் ஓட, அடித்தவன் வரிசையின் வாலுக்குப் போகிறான். இதற்கு ஸ்மாஷிங் பிராக்டிஸ் என்று பெயர். பிள்ளைகளுக்குப் பிடித்த பயிற்சியும் இதுதான், பல பி.டி. சார்களுக்கும் பிடித்தது இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு அடிக்கு எட்டு விநாடி என்று வைத்துக்கொண்டால் நாற்பது நிமிடத்தில் 300 அடி. முப்பது பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குப் பத்து. நாற்பது நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளை விளையாடியது எண்பது விநாடி, மீதி முழுவதும் நின்றது. அந்தப் பத்து அடியும் வாகாகத் தூக்கிக் கொடுத்த பந்தில் அடித்தவை. குறுவட்டப் போட்டியில் அப்படி ஒரு பந்து கிடைக்க வேண்டுமானால் அதற்கு முன் இரண்டு காரியம் சரியாக நடந்திருக்க வேண்டும். எதிரணியின் சர்வீஸை ஒருவன் ஒழுங்காக வாங்கியிருக்க வேண்டும். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் அதன் கீழே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டையும் வரிசையில் நின்ற முப்பது பேரில் ஒருவரும் அன்றைக்குப் பழகவில்லை.

இந்த உரை சொல்ல வருவது இதைத்தான்: பள்ளி அளவில் பயிற்சியாளரின் உண்மையான வேலை ஸ்மாஷுக்கு முன்னால் இருக்கிறது.

வாலிபால் சென்னைக்கு நேற்று வந்த ஆட்டமல்ல. 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்ற உடற்பயிற்சி இயக்குநர், கூடைப்பந்தின் ஓட்டம் தாங்காத நடுத்தர வயதுக்காரர்களுக்காக உருவாக்கியது இது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே இந்தியாவுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, சைதாப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில் நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்களை அனுப்பிய இடம் அது. இந்திய வாலிபால் சம்மேளனம் 1951-ல் அமைந்தபின் முதல் தேசியப் போட்டி 1952-ல் சென்னையில்தான் நடந்தது. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்கான விருதைப் பெற்றவர் தமிழ்நாட்டு வீரர் ஏ. பழனிசாமி. ஜி.இ. ஸ்ரீதரன் 1982-ல் ஆட்டக்காரராக அர்ஜுனாவும், 2007-ல் பயிற்சியாளராகத் துரோணாச்சார்யாவும் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் 1958-ல் வெண்கலம், 1962-ல் வெள்ளி, 1986-ல் மறுபடி வெண்கலம். அதன்பின் பதக்கம் இல்லை. காரணங்கள் பல; அவற்றையெல்லாம் பள்ளி ஆசிரியர் தலையில் கட்ட முடியாது. ஆனால் அவர் கையில் இருக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பங்கு எது என்பதை விதிகள் மாறிய விதமே காட்டுகிறது. பழைய விதியில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் பாயின்ட். 1999 முதல் யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பாயின்ட். தரையில் விழுந்த எந்தத் தவறுக்கும் மன்னிப்பு இல்லாமல் போனது. 1998-ல் லிபரோ வந்தார்: வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, வலைக்கு மேல் அடிக்க உரிமை இல்லாமல், வாங்குவதற்கென்றே களத்தில் நிற்பவர். பிறகு வலையில் உரசி விழும் சர்வீஸும் செல்லும் என்றானது. மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: சர்வீஸை வாங்கத் தெரியாத அணிக்குப் பிழைப்பில்லை. 2019-ல் நடந்த புரோ வாலிபால் லீக்கில் செட்டுக்குப் பதினைந்தே பாயின்ட், நேராகத் தரையில் விழும் சர்வீஸுக்கு இரட்டைப் பாயின்ட் என்று வைத்தார்கள். சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் ஹீரோஸை வென்று கோப்பையை எடுத்தது. பதினைந்து பாயின்ட் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று சர்வீஸை வாங்கத் தவறினால் திரும்பி வருவது கஷ்டம்.

பெரியவர்கள் ஆட்டத்தில் சர்வீஸ் வாங்கும் அணிதான் பெரும்பாலான பந்துகளை ஜெயிக்கிறது. வாங்கி, தூக்கி, அடித்து முடித்துவிடுகிறார்கள். பள்ளி ஆட்டத்தில் இது தலைகீழ். ஓரளவு ஒழுங்காகத் தலைக்கு மேல் சர்வீஸ் போடத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் வரிசையாக ஆறேழு பாயின்ட் எடுத்துவிடுவான். அந்த நேரத்தில் எதிரணியின் ஸ்மாஷர் எவ்வளவு உயரம் எம்பினாலும் பயனில்லை, பந்து அவனிடம் போய்ச் சேர்வதே இல்லை. மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஆசிரியர் ‘எடு, எடு’ என்று கத்துகிறார். எடுக்கக் கற்றுக்கொடுத்தது எப்போது?

சர்வீஸ் வாங்குவதை உடைத்துப் பார்க்கலாம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ், பின்கோட்டிலிருந்து வாங்குபவரிடம் பதினாறு மீட்டர் கடந்துவர ஒன்றேகால் விநாடிகூட எடுப்பதில்லை. அந்த நேரத்துக்குள் பந்து எங்கே விழும் என்று கணித்து, நகர்ந்து, நின்று, கையை வைக்க வேண்டும். ஆகவே பார்வை பந்தில் பதிவதற்கு முன்பே சர்வீஸ் போடுபவரின் தோளிலும் கையிலும் பதிந்திருக்க வேண்டும். கால் முதலில் போகும், கை பிறகு. முழங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டுக்கு மேலே முன்கையின் தட்டையான பகுதியில் பந்து படட்டும். வேகமாக வரும் பந்துக்குக் கையை வீசத் தேவையே இல்லை; பந்து எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையின் சாய்வு இருந்தால் போதும். கையை வீசுவதுதான் ஆரம்பகாலத்தில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகாத கெட்ட பழக்கம்.

இதற்கு இங்கே வழக்கமாகத் தரும் பயிற்சி, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று அண்டர்ஹேண்டில் தட்டிக்கொள்வது. முதல் இரண்டு வாரத்துக்கு அது நல்லது. பத்து நிமிடத்தில் ஆளுக்கு நூறு தொடுகை கிடைக்கும். ஸ்மாஷ் வரிசையைவிடப் பத்து மடங்கு. ஆனால் அதில் ஒரு குறை. பந்து எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திரும்புகிறது. ஆட்டத்தில் அப்படி நடப்பதே இல்லை. பந்து வலையைத் தாண்டி எதிரே இருந்து வரும், போக வேண்டியதோ வலையோரம் பக்கவாட்டில் நிற்கும் செட்டரிடம். எனவே ஜோடியை முக்கோணமாக்க வேண்டும்: ஒருவர் வலைக்கு அந்தப் பக்கமிருந்து சர்வீஸ், ஒருவர் வாங்குபவர், ஒருவர் செட்டர் இடத்தில். மூன்று பேருக்கு ஒரு பந்து. ஒரு மைதானத்தில் இப்படி நாலு குழு ஒரே நேரத்தில் ஓடலாம்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. வாங்கிய பந்து செட்டர் நகராமலே கைக்கு வந்தால் மூன்று, அவர் இரண்டு மூன்று அடி ஓடி எடுத்தால் இரண்டு, எப்படியோ மேலே எழும்பி அந்தப் பக்கம் போனால் ஒன்று, தரையில் விழுந்தால் சைபர். உலக அளவிலான அணிகள் கம்ப்யூட்டரில் போடும் கணக்கின் எளிய வடிவம் இது. காயம் பட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்துவிட்டால் அவனும் அணியில் இருக்கிறான். ஒரு மாதம் எழுதினால், யாரை நோக்கி எதிரணி சர்வீஸ் போடும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நன்றாக வாங்குகிறான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தவனின் சராசரி ஒன்றுக்குக் கீழே இருப்பதும் தெரியும்.

பயிற்சியில் அழகாகத் தெரிவதும் போட்டியில் கைகொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1979-ல் ஜான் ஷியா, ராபின் மார்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கையசைவு வேலைகள் மூன்றை இரண்டு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு முதல் வேலையை முழுக்க முடித்து, அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பழகும்போது முதல் குழுதான் வேகமாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முன்னால் நின்றார்கள். மரத்துண்டுகளைத் தட்டிவிடும் சோதனைக்கூட வேலை அது, வாலிபால் அல்ல. ஆனால் அமெரிக்க வாலிபால் பயிற்சியாளர்கள் பலர் இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சி முறையையே மாற்றினார்கள். ஐம்பது ஸ்மாஷ், பிறகு ஐம்பது அண்டர்ஹேண்ட் என்று அடுக்குவதைவிட, ஒவ்வொரு பந்தும் சர்வீஸில் தொடங்கி வாங்கல், தூக்கல், அடி என்று ஆட்டம் போலவே ஓடட்டும் என்றார்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். மைதானத்தைச் சுற்றிப் பார்க்க வரும் தலைமையாசிரியருக்குக் குழப்பமாகத் தோன்றலாம். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கேதான் தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வரும் ரகசியம் இருக்கிறது. ஊர்ப் பொட்டலில் இருட்டும்வரை, திருவிழா நாட்களில் விளக்கு போட்டு விடியும்வரை நடக்கும் ஆட்டங்களில் பத்து வயதுப் பையன் ஆள் குறைந்தால் உள்ளே இழுக்கப்படுகிறான். அண்ணன்மார், மாமன்மார் அடிக்கும் பந்து அவனை நோக்கி வருகிறது. யாரும் வரிசையில் நிறுத்திக் கற்றுக்கொடுப்பதில்லை. ஷியாவும் மார்கனும் சொன்னது அங்கே தன்போக்கில் நடக்கிறது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக அணி அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் பலமுறை கோப்பை வென்றிருக்கிறது. அந்த மாதிரி அணிகளுக்கு வந்து சேரும் பிள்ளைகளில் கணிசமானோர் இப்படி ஊர்ப் பொட்டலில் பாதி ஆட்டக்காரர்களாக ஆகிவிட்டு வருபவர்கள்.

தாம்பரத்துப் பிள்ளைக்கு அந்தப் பொட்டல் இல்லை. விசித்திரம் என்னவென்றால், இந்த வட்டாரத்தில் வசதிகள் நெருக்கமாகவே இருக்கின்றன. 1937 முதல் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பரந்த வளாகம். தெற்கே பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கினால் எஸ்.ஆர்.எம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் போனால் மேலக்கோட்டையூரில், 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். மாடி கட்டத் தேக்குமரம் வந்திருக்கிறது, கடைக்கால்தான் போடவில்லை என்பது போன்ற நிலை. 2021-ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதன் எல்லைக்குள் இருக்கும் பள்ளிகளில் படிக்கும் ஒரு பிள்ளை, பக்கத்திலேயே உள்ள பல்கலைக்கழக அணியில் போய்ச் சேர என்ன வழி என்பதுதான் கேள்வி. பொட்டலில் தானாகக் கிடைத்ததைப் பயிற்சியாளர் திட்டமிட்டு உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது.

பிறர் இதை எப்படிச் செய்தார்கள்? 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக வாலிபால் சேர்க்கப்பட்டது. பெண்கள் தங்கத்தை வென்ற ஜப்பான் அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். பகல் வேலை முடிந்து நள்ளிரவு வரை பயிற்சி. பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு கண்டுபிடித்தது, பாய்ந்து பந்தை எடுத்து, தோளால் உருண்டு அதே வேகத்தில் எழுந்து நிற்கும் முறை. எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து உட்காரும் ஜப்பானியத் தாருமா பொம்மையிலிருந்து அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பொம்மையை வீட்டில் வைத்திருக்கும் நமக்கு அது தோன்றவில்லை! உயரத்தில் சோவியத் அணியை மிஞ்ச முடியாது என்று தெரிந்தே அவர் தரையில் ஆட்டத்தைப் பிடித்தார். வருத்தம் என்னவென்றால், உலகெங்கும் பல பயிற்சியாளர்கள் தைமாட்சுவிடமிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய கடுமையை மட்டும். திட்டுவதையும், மயங்கும்வரை ஓடவிடுவதையும் பயிற்சி என்று நினைத்தார்கள். பந்து எடுக்கும் கலையை விட்டுவிட்டார்கள்.

இருபது வருடம் கழித்து 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணிக்கு டக் பீல் பயிற்சியாளர். அவர் செய்த காரியம் அன்றைக்குக் கேட்கவே அபாயமாகப் பட்டது. கார்ச் கிராலி, ஆல்டிஸ் பெர்சின்ஸ் என்ற இருவர் மட்டுமே எதிரணியின் எல்லா சர்வீஸையும் வாங்குவது. மற்றவர்கள் ஒதுங்கி அடிக்கத் தயாராவது. ஒன்பது மீட்டர் அகலத்துக்கு இரண்டே பேர். தங்கம் வென்றார்கள். அந்த கிராலியே பின்னாளில் அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்சியாளராகி, தோக்கியோவில் 2021-ல் நடந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். இதைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்பு அணியில் இருவரை மட்டும் வாங்க வைத்தால் அது தவறு. பீலிடம் இருந்தது முதிர்ந்த அணி. பள்ளியில் எல்லோரும் வாங்கப் பழகிய பிறகுதான், யார் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பேச்சே வரும்.

அதே நியாயம்தான் செட்டர் விஷயத்திலும். இங்கே செட்டரைத் தேர்ந்தெடுக்கும் விதம் தெரிந்ததே: உயரமான பையன்களை எல்லாம் அடிக்க வைத்துவிட்டு மிச்சம் இருக்கும் குட்டையானவனை ‘நீ தூக்கிப் போடு’ என்று வலையோரம் நிறுத்துவது. ஆறாம் வகுப்பில் குட்டையாக இருப்பவன் பிளஸ் டூவில் ஆறடியாக நிற்பான், அப்போது அவனுக்கு அடிக்கத் தெரியாது. அன்றைக்கு உயரமாக இருந்தவனின் வளர்ச்சி நின்றுபோயிருக்கும், அவனுக்கோ தூக்கத் தெரியாது. பதினான்கு வயதுவரை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்திலும் ஆட வேண்டும். சுற்றி வரும்போது வலையோரம் நடுவில் யார் வருகிறாரோ அவரே செட்டர். அடுத்த கட்டத்தில் இரண்டு செட்டர், நாலு அடிப்பவர். ஒரே செட்டரை வைத்து ஆடும் ஐந்துக்கு ஒன்று முறை பிளஸ் ஒன் வாக்கில் வந்தால் போதும். டிவியில் பார்த்ததை ஏழாம் வகுப்பில் போட்டுப் பார்க்கும் ஆசையில் எத்தனையோ அணிகள் யார் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுழற்சித் தவறில் பாயின்ட் இழக்கின்றன.

செட்டரின் மதிப்பு தெரிய வேண்டுமானால் 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியைப் பார்க்கலாம். தரவரிசையில் வெகு மேலே இருந்த தென்கொரியாவை இந்தியா ஐந்து செட் ஆட்டத்தில் வென்றது. கடைசி செட் 17-15. அடுத்து சீன தைபேயையும் வென்று, முடிவில் ஆறாம் இடம். அந்த அணியில் இருந்த செட்டர்கள் முத்துசாமி, உக்கிரபாண்டியன் இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். தென்கொரியாவை வென்ற மறுநாள் செய்திகளில் அதிகம் பேசப்பட்டவர் அந்த ஆட்டத்தில் 24 பாயின்ட் எடுத்த அமித் குலியா. அது நியாயமே. ஆனால் அந்த 24-க்கும் பந்து எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா?

அணி என்பது திறமைகளின் கூட்டல் மட்டுமல்ல. தெற்குப் புறநகரில் ஒரு பள்ளி அணியைக் கட்டிக்காப்பதில் பாதி வேலை வலைக்கு வெளியே நடக்கிறது. பத்தாம் வகுப்பு தொடங்கியதும் டியூஷன் காரணமாகப் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டிய கட்டாயம். அவர்களுக்குக் காலை ஆறு மணிப் பயிற்சிதான் சரிப்படும். வெயிலும் இல்லை, பஸ்ஸில் கூட்டமும் இல்லை. வருடத்தில் ஒரு முறையாவது பெற்றோரை மைதானத்துக்கு அழைத்து ஒரு செட் பார்க்க வைக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் பிளஸ் டூ வரை தங்குகிறார்கள். ரயில்வே, வங்கி, சுங்கத்துறை அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர்கள் பற்றிப் பெற்றோரிடம் சொல்வது உதவும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைத்துவிடும் என்று ஆசை காட்டுவது நேர்மையல்ல.

முழங்காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே வரும் வலி எம்பிக் குதிக்கும் ஆட்டக்காரர்களின் பழைய பகை. சிமென்ட் தரையில் தினமும் நூறு குதி குதிக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு அது சீக்கிரமே வரும். பயிற்சியை வாங்குவதிலும் தூக்குவதிலும் செலவிட்டால் குதிப்பு தானாகக் குறையும் என்பது இன்னொரு லாபம்.

செலவு? இருபத்தைந்து மீட்டர் நைலான் கயிறு ஒன்றை மைதானத்தின் இரண்டு வேப்பமரங்களுக்கு இடையே கட்டினால் அதன் கீழே நாலு குட்டிக் களம் கிடைக்கும். பக்கத்துக்கு மூன்று பேர் வீதம் இருபத்துநாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்ற வலை உயரம் பெரியவர்களுக்கானது. ஆறாம் வகுப்புக்குக் கயிறு ஆசிரியரின் தலை உயரத்தில் இருந்தால் போதும். முறையான பந்தின் எடை 260 முதல் 280 கிராம். சின்னக் கைகளுக்கு அதைவிட லேசான ரப்பர் பந்து வலிக்காது. வலித்தால் கையைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். மூன்று பந்துத் தொடுகைக்குள் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும், முதல் தொடுகை அண்டர்ஹேண்டில் இருந்தால் கூடுதல் பாயின்ட் என்று ஒரு வீட்டு விதி போதும். ஆட்டமே பயிற்சி ஆகிவிடும்.

மிச்சம் இருப்பது மழை. அக்டோபர் பிறந்தால் இந்தப் பக்கத்து மைதானங்கள் குளமாகும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பெருமழை வராத வருடங்களிலும் களிமண் தரை காய ஒரு வாரம் பிடிக்கும். பெரும்பாலான பள்ளிகளில் குறுவட்டப் போட்டிகள் அதற்குள் முடிந்திருக்கும் என்பதால் நோட்டும் பந்தும் அலமாரிக்குள் போய்விடுகின்றன, ஜனவரியில் எல்லாம் மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறது. போட்டி நெருக்கடி இல்லாத அந்த மூன்று மாதம்தான் கையின் சாய்வைத் திருத்த வாகான காலம். வகுப்பறை வராந்தாவின் சுவரில் ஆறடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். ஆளுக்கு ஒரு பந்து இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் பக்கவாட்டிலிருந்து போட, மற்றவர் முன்கையில் வாங்கி வட்டத்துக்குள் அனுப்ப வேண்டும். ஐம்பதுக்கு எத்தனை உள்ளே போனது என்று அதே நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்ளலாம். வராந்தா இருபத்தைந்து அடி நீளம் இருந்தால் எட்டுப் பேர் பழகலாம். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சர் புகார் சொல்லாதபடி கடைசி பீரியடில் வைத்துக்கொள்வது நல்லது.